டாலி ஆச்சா?

ஆஸ்பத்திரிகளில் ஓடுற பழைய சாஃப்ட்வேரைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு போடணும்னு யாராவது பேசினா, எனக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்கத் தோணும். டாலி ஆச்சா?

பேங்க்காரன் புத்தி, வேறென்ன. பி.காம் முடிச்சுட்டு வங்கிக்குள்ள நுழைஞ்சவன். ஊர்ப்பக்கம் கொஞ்ச வருஷம், இப்ப மஸ்கட். புரோகிராம் எழுதத் தெரியாது. ஆனா ஆயிரக்கணக்கான பேரோட கணக்கைப் பழைய சிஸ்டத்திலிருந்து புதுசுக்கு எப்படி நகர்த்துறாங்கன்னு ராத்திரி கண் முழிச்சுப் பார்த்திருக்கேன். அந்த உரிமையில்தான் இந்தப் பதிவு. கம்ப்யூட்டர்காரங்க கோபம் வந்தா பின்னூட்டத்தில் வந்து திட்டலாம் :-)

என் கட்சியை முதலிலேயே சொல்லிடறேன். பழைய மருத்துவப் பதிவு மென்பொருளை மாத்தத்தான் வேணும். ஆனா மாத்துறவங்க எல்லாரும் திரையைப் பார்க்கிறாங்க. கலரு, பட்டன், மொபைலில் வருமா, இதுதான் பேச்சு. உள்ளே இருக்கிற கணக்கு ஒழுங்கை ஒருத்தரும் பார்க்கிறதில்லை. அந்த ஒழுங்கு இல்லாத புதுசை விட, ஒழுங்கு இருக்கிற அழுக்குப் பழசு எவ்வளவோ மேல்.

வங்கியில் என்ன நடந்ததுன்னு முதலில் சொல்றேன். 1980-களில் ரங்கராஜன் கமிட்டி சொல்லி கிளைகளுக்கு லெட்ஜர் மெஷின் வந்துச்சு. அப்புறம் கிளைக்குக் கிளை தனித்தனி சாஃப்ட்வேர். 2000-களில் எல்லாத்தையும் ஒரே இடத்தில் சேர்க்கிற கோர் பேங்கிங். ஒரு கிளை மாறுற ராத்திரி எப்படி இருக்கும்னு அங்க வேலை பார்த்தவங்களைக் கேளுங்க. சேமிப்புக் கணக்கு மொத்தம், கடன் மொத்தம், டெபாசிட் மொத்தம்னு பழைய சிஸ்டத்தில் ஒரு பிரிண்ட், புதுசில் ஒரு பிரிண்ட். ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சு டிக் அடிப்போம். பைசா உதைச்சாக் கூட மேனேஜர் கையெழுத்துப் போட மாட்டார். காலையில் கதவு திறக்கிறதுக்குள்ள அந்தப் பைசா எங்கேன்னு கண்டுபிடிச்சாகணும்.

இது எங்க சாமர்த்தியம் இல்லை. இரட்டைப் பதிவு முறையோட சாமர்த்தியம். 1494-ல் லூக்கா பச்சோலின்னு ஒரு பிரான்சிஸ்கன் சாமியார் வெனிஸில் அச்சுப் போட்ட முறை. ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு. எங்கேயாவது ஒண்ணு விட்டுப் போனா மொத்தம் உதைக்கும், தன்னைத்தானே காட்டிக் கொடுத்துடும்.

மருத்துவப் பதிவில் அந்தக் காவல்காரன் இல்லை. உங்க அப்பாவுக்குப் பென்சிலின் ஒத்துக்காதுங்கிற ஒரு வரி மாத்துறப்ப விழுந்து போச்சுன்னு வைங்க. எந்த மொத்தமும் உதைக்காது. திரை பளபளன்னுதான் இருக்கும். அடுத்த ஊசி போடுறப்பதான் தெரியும். என் சண்டையெல்லாம் இந்த இடத்தில்தான்.

பெரிய உதாரணம் வேணும்னா அமெரிக்காவுக்கு வாங்க. முன்னாள் ராணுவத்தினருக்காக அரசாங்கமே நடத்துற பெரிய ஆஸ்பத்திரித் தொடர் அங்கே இருக்கு. வெட்டரன்ஸ் அஃபேர்ஸ்னு சொல்வாங்க. அங்க ஓடுற பழைய மென்பொருள் பேரு விஸ்டா. 1970-களின் கடைசியில் அந்தத் துறைக்குள்ளேயே இருந்த சில பேர் தொடங்கினது. டாக்டரும் நர்ஸும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல வளர்ந்தது. கார் வாடகைக் கடையில் பார்கோடு அடிக்கிறதைப் பார்த்த ஒரு நர்ஸ், நோயாளி கைப்பட்டையிலும் மாத்திரையிலும் இதையே ஒட்டினா என்னன்னு கேட்டாங்க. அதுவும் உள்ளே வந்துச்சு. 2006-ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் அரசுத்துறைப் புதுமைக்கான விருது கொடுத்துச்சு. டெல்லி மாக்ஸ் ஆஸ்பத்திரிக்காரங்க கூட இதே விஸ்டாவை எடுத்துப் போட்டாங்க.

இது எழுதப்பட்ட மொழி பேரு மம்ப்ஸ். (ஆமா, பொன்னுக்கு வீங்கிதான்! ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்கு வச்ச பேர்.) 1960-களில் பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் உருவானது. அப்ப கம்ப்யூட்டர் நினைவகம் ரொம்பச் சின்னது. அதனால் கட்டளையெல்லாம் ஓரெழுத்து, ஒரே வரியில் பத்து வேலை. இன்னைக்கு ஒரு இளவட்ட புரோகிராமர் பார்த்தா தலை சுத்தும். "இதைப் போய் யார் படிக்கிறது"ன்னு ஓடிடுவார்.

கையெழுத்து மோசம்தான். ஆனா கணக்கு எழுதின முறை மோசம் இல்லை. விஸ்டாவுக்குள்ள ஃபைல்மேன்னு ஒரு பகுதி. எந்தக் கட்டத்தில் என்ன எழுதலாம், எப்படி எழுதணும்ங்கிற விதிகளை அதுவே ஒரு அகராதியா வச்சிருக்கும். தேதியை எப்படி வைக்குது பாருங்க. வருஷத்திலிருந்து 1700-ஐக் கழிச்சு மூணு இலக்கமா எழுதும். 1999-ன்னா 299, 2000-ன்னா 300. நாங்க வங்கியில் ஒய்டூகே பூதத்துக்குப் பயந்து டிசம்பர் 31 ராத்திரி காவல் காத்தோமே, அந்தப் பூதம் இந்தத் தேதிக்கிட்டே வரவே வழியில்லை.

அதை விட முக்கியம் ஒண்ணு. தேதியும் மாசமும் தெரியலைன்னா அதில் சைபர் போட்டு வருஷத்தை மட்டும் வைக்கலாம். "தெரியாது"ன்னு சொல்ல இடம் இருக்கு. இந்த இடத்தை மறந்துடாதீங்க, திரும்ப வருவேன்.

இன்னொண்ணு. மொழி பழசுங்கிறதுதான் நோய்னா, இன்னைக்கு அமெரிக்காவில் பெரிய பெரிய ஆஸ்பத்திரிகள் வாங்குற எபிக் மென்பொருள் அடியில் ஓடுறதும் மம்ப்ஸ் வம்சம்தான். அதை யாரும் பழசுன்னு சொல்றதில்லை. ஏன்னா மேலே இருக்கிற திரை புதுசு!

சரி, கதைக்கு வருவோம். 2018 மே மாசம் விஸ்டாவைக் கழிச்சுட்டு செர்னர் கம்பெனி மென்பொருளைப் போட ஒப்பந்தம். சுமார் 1,000 கோடி டாலர். 2020 அக்டோபரில் வாஷிங்டன் மாநிலம் ஸ்போக்கேனில் முதல் ஆஸ்பத்திரி மாறுச்சு. 2022 ஜூலையில் அந்தத் துறையோட தணிக்கையாளர் ஒரு அறிக்கை போட்டார். ஒரு தணிக்கை அறிக்கையைப் படிச்சு எனக்கு வயித்தைக் கலக்கினது அதுதான் முதல் தடவை.

டாக்டர் ஒரு உத்தரவு எழுதறார். ஸ்கேன் எடு, ரத்தம் பாரு, அடுத்த வாரம் மனநல டாக்டரைப் பாருன்னு. அது எந்தப் பிரிவுக்குப் போகணும்னு சிஸ்டத்துக்குப் புரியலை. அப்ப என்ன செய்யணும்? "போகலை"ன்னு சொல்லணும். அது சொல்லலை. சத்தம் போடாம அந்த உத்தரவை ஒரு வரிசையில் தள்ளி விட்டுடுச்சு. 'தெரியாத வரிசை'ன்னே அதுக்குப் பேர். அப்படி ஒரு வரிசை இருக்குன்னு டாக்டர்களுக்கே யாரும் சொல்லலை. முதல் சில மாசத்திலேயே 11,000-க்கும் மேற்பட்ட உத்தரவுகள் அங்கே போய் விழுந்தன. அதனால் பாதிப்பு அடைஞ்ச சம்பவங்கள்னு அந்தத் துறையே கணக்கெடுத்தது சுமார் 150. வீடில்லாத ஒரு முன்னாள் ராணுவ வீரர், தற்கொலை எண்ணம் இருந்தவர். அவரோட மனநலச் சிகிச்சை உத்தரவும் அந்த வரிசையில் கிடந்துச்சு. அவர் நெருக்கடி உதவி எண்ணைக் கூப்பிட்டதால் பிழைச்சார்.

வங்கியில் இருக்கிறவங்களுக்கு இதைப் படிச்சதும் ஒரு வார்த்தை ஞாபகம் வந்திருக்கும். சஸ்பென்ஸ் அக்கவுண்ட். தமிழில் படிச்சவங்களுக்கு அனாமத்து கணக்கு. எங்கே சேர்க்கிறதுன்னு தெரியாத தொகையைத் தற்காலிகமா வைக்கிற இடம். அது இல்லாம வங்கி நடத்த முடியாது. ஆனா அதுக்கு ஒரு விதி உண்டு. தினமும் ஒருத்தர் பார்க்கணும், நாள் ஆக ஆக மேல மேல கேள்வி வரும், ஆடிட்டர் வந்து உட்கார்ந்ததும் முதலில் கேட்கிற லெட்ஜர்களில் அதுவும் ஒண்ணு. ஆயிரம் ரூபா மூணு மாசம் அனாமத்தில் கிடந்தா எங்களுக்கு மெமோ வரும். அங்கே மனுஷங்க உயிர் அனாமத்தில் கிடந்துச்சு, கேட்க ஆளில்லை.

2023 ஏப்ரலில் மேற்கொண்டு மாத்துறதை நிறுத்தினாங்க. அப்ப வரைக்கும் மாறினது அஞ்சே ஆஸ்பத்திரித் தொகுப்பு. 2024 டிசம்பரில், 2026-ல் மிச்சிகனிலிருந்து மறுபடி தொடங்குறோம்னு அறிவிப்பு. கழிச்சுக் கட்டின விஸ்டா பல வருஷம் அப்படியே ஓடிட்டிருந்துச்சு.

"அது அமெரிக்கா, நமக்கென்ன"ன்னு கேட்கிறீங்களா? எங்க ஊர்க் கதையைச் சொல்றேன்.

எங்க ஊர் மார்டள்ளி. பழைய மைசூர் ஜில்லா, மாதேஸ்வரன் மலைக்குப் போற பக்கம். தமிழ் பேசற கிறிஸ்தவங்க நிறைய இருக்கிற ஊர். அம்மா பிறந்தது 1950 வாக்கில். அப்ப கொள்ளேகால் தாலூக்கா சென்னை மாகாணத்தில், கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்துச்சு. 1956 நவம்பரில் மைசூர் மாநிலத்துக்குப் போச்சு. 1973-ல் மாநிலம் கர்நாடகா ஆச்சு. 1997-ல் சாமராஜநகர் தனி ஜில்லா. அம்மா வீட்டை விட்டு நகரவே இல்லை, மூணு ஜில்லா பார்த்துட்டாங்க :-) புது சாஃப்ட்வேரில் பிறந்த ஜில்லாங்கிற கட்டத்தில் ஒண்ணுதான் தேர்ந்தெடுக்கணும். எதைப் போடுறது?

பிறந்த தேதி? ஊரில் பாதிப் பெரியவங்களுக்கு ஆதாரில் ஜனவரி 1. கண்டிப்பா ஒரு தேதி வேணும்னு மெஷின் கேட்டுச்சு, ஆபரேட்டர் ஒண்ணைப் போட்டார். பொய்யா ஒரு முழுத் தேதியை விட, உண்மையா ஒரு வருஷம் மட்டும் இருந்தா டாக்டருக்கு உபயோகம். ஐம்பது வருஷத்துக்கு முந்தின அந்த அழுக்கு ஃபைல்மேனுக்கு இது தெரிஞ்சிருக்கு. பேர் விஷயம் இன்னும் மோசம். ஒரே ஆரோக்கியசாமி கொள்ளேகாலில் கன்னடத்தில் ஆரோக்யஸ்வாமி, மேட்டூர் பக்கம் போனா வேற ஸ்பெல்லிங், பெங்களூரில் இனிஷியல் முன்னாடி வந்துடும். மூணு ஆஸ்பத்திரியில் மூணு ஆள்.

இப்ப முக்கியமான விஷயம். சில வருஷம் முன்னாடி ஒரு பெரிய ஆஸ்பத்திரி (பேர் வேண்டாம்) புது சாஃப்ட்வேருக்கு மாறுச்சு. அம்மாவோட பழைய ஃபைலில் குறிப்புங்கிற இடத்தில் "சல்ஃபா மருந்து ஒத்துக்காது"ன்னு கையால் எழுதி, பழைய கம்ப்யூட்டரிலும் குறிப்பாவே ஏத்தி வச்சிருந்தாங்க. புதுசில் ஒவ்வாமைக்குன்னு தனிக் கட்டம். ரொம்ப நல்லது. ஆனா குறிப்பில் இருந்தது அந்தக் கட்டத்துக்கு வரலை. கட்டம் காலியா இருந்தா "ஒவ்வாமை ஏதும் இல்லை"ன்னு அச்சாகுற மாதிரி எழுதியிருக்காங்க! தங்கச்சி கூடப் போயிருந்ததால் சீட்டைப் படிச்சுப் பார்த்துத் தடுத்தா. இல்லைன்னா?

எந்த காமர்ஸ் மாணவனைக் கேட்டாலும் சொல்வான். காலியா இருக்கிறது வேற, சைபர் வேற. ஒரு கணக்கில் இருப்பு சைபர்னா, பார்த்துட்டோம், பணம் இல்லைன்னு அர்த்தம். காலின்னா, இன்னும் பார்க்கலைன்னு அர்த்தம். "ஒவ்வாமை இல்லை", "கேட்கலை", "கேட்டோம், தெரியலைன்னாங்க" மூணும் மூணு பதில். மூணையும் ஒண்ணாக்கிற சாஃப்ட்வேர் எவ்வளவு புதுசா இருந்தாலும் அது தப்புக் கணக்கு.

எங்க பக்கத்துக்காரங்க மறக்க முடியாத நாள் ஒண்ணு இருக்கு. 2018 டிசம்பர் 14. பக்கத்துச் சுளுவாடி கிச்சுகுட்டி மாரம்மா கோயில் பிரசாதத்தில் விஷம். பத்துப் பேருக்கு மேல் செத்தாங்க, நூறு பேருக்கு மேல் படுக்கையில். கிடைச்ச வண்டியில் ஏத்தி, பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டு போய், அங்கிருந்து மைசூரில் பல ஆஸ்பத்திரிகளுக்கு. பூச்சிமருந்து விஷத்துக்கு மாற்று மருந்து அட்ரோபின். முதல் இடத்தில் எவ்வளவு ஏத்தினாங்க, எத்தனை மணிக்குன்னு அடுத்த இடத்து டாக்டருக்குத் தெரிஞ்சாகணும். ஒரே நாளில் அத்தனை பேர், ஒரே மாதிரி பேர், மயக்கத்தில் பேச முடியாதவங்க. மருத்துவப் பதிவுங்கிறது அலமாரி அடைக்கிற விஷயமா, உயிர் விஷயமான்னு அந்த மாதிரி ஒரு ராத்திரியை வச்சு யோசிங்க. அந்த ராத்திரியில் திரை அழகா இருக்கான்னு யாரும் பார்க்க மாட்டாங்க. எழுதினது போய்ச் சேர்ந்துச்சாங்கிறது மட்டும்தான் கேள்வி.

போய்ச் சேர்ந்துச்சான்னு பார்க்கிற ஏற்பாடு நம்ம கோயில் சாமியாருக்கே தெரியும். ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்திருக்கீங்களா? ஒருத்தர் மார்டள்ளியில் ஞானஸ்நானம் வாங்கி, திருப்பூரில் கல்யாணம் பண்ணினா, திருப்பூர் பங்கிலிருந்து மார்டள்ளிக்குத் தகவல் வரணும், இங்கே பழைய வரிக்குப் பக்கத்தில் ஓரத்தில் அதை எழுதணும். சபைச் சட்டமே அப்படி. பழைய வரியை யாரும் அழிக்கிறதில்லை. வங்கியிலும் அதேதான். தப்பா ஒரு பதிவு விழுந்தா ரப்பர் எடுத்து அழிக்க மாட்டோம், எதிர்ப்பதிவு போடுவோம். தப்பும் தெரியும், திருத்தமும் தெரியும், யார் எப்பத் திருத்தினாங்கன்னும் தெரியும். ஒரு மருந்து அளவை மாத்தி எழுதினா பழைய அளவு காணாமப் போற சாஃப்ட்வேரை நான் நம்ப மாட்டேன்.

சரி, மறுப்பு வரும்னு தெரியும்.

"வங்கிக்காரங்க மட்டும் யோக்கியமா?" இல்லைங்க. 2018 ஏப்ரலில் இங்கிலாந்தில் டிஎஸ்பி வங்கி சுமார் 50 லட்சம் வாடிக்கையாளர்களை ஒரே வாரக்கடைசியில் புது சிஸ்டத்துக்கு மாத்துச்சு. லட்சக்கணக்கான பேர் தங்க கணக்குக்குள்ள போக முடியலை. 2022-ல் 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதம். ஒரே ராத்திரியில் எல்லாத்தையும் மாத்தாதேங்கிற பாடம் வங்கிக்கும் பொருந்தும். ஆனா ஒரு வித்தியாசம். காணாமப் போன பணத்தைத் திருப்பித் தர முடியும்.

"பழசை வச்சுக்கிட்டு எத்தனை நாள் ஓட்டுறது? மம்ப்ஸ் தெரிஞ்சவங்க ரிட்டயர் ஆகிட்டாங்க." நூத்துக்கு நூறு நியாயம். விஸ்டாவே ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கொஞ்சம் மாறி, சுமார் 130 தனித்தனிப் பிரதியா ஓடுச்சு. பராமரிக்கிறது நரகம். ஓடுறதைத் தொடாதேன்னு சொல்றவங்க கட்சியில் நான் இல்லை. ஆனா ஓட்டு வீட்டில் குடியிருந்துக்கிட்டே ஓடு மாத்துறோமே, ஒரு பத்தி பிரிச்சு, சட்டம் பார்த்து, புது ஓடு வச்சு, மழை ஒழுகுதான்னு பார்த்து, அப்புறம்தானே அடுத்த பத்தி? முதலில் லேப் மட்டும் மாத்துங்க. பழசும் புதுசும் ஒண்ணா ஓடட்டும். ரெண்டும் ஒரே பதில் சொல்லுதான்னு தினமும் பாருங்க. அப்புறம் மருந்தகம். அப்புறம் வார்டு.

"மருத்துவத்தில் எப்படி டாலி பண்றது?" பண்ணலாம். டாக்டர் எழுதுற ஒவ்வொரு உத்தரவும் ஒரு பற்று. அது முடிஞ்சதுங்கிற குறிப்பு ஒரு வரவு. ராத்திரி வரவு விழாத பற்றெல்லாம் ஒரு பட்டியலா ஒரு ஆள் கையில் வரணும், அவர் பேர் அதில் இருக்கணும். மாத்துறப்ப நோயாளி வாரியா ஒவ்வாமை எத்தனை, ஓடுற மருந்து எத்தனை, நிலுவை உத்தரவு எத்தனைன்னு பழசிலும் புதுசிலும் எண்ணுங்க. எண்ணிக்கை சேர்ந்தாலும் போதாது. சில நூறு ஃபைலை எடுத்து நர்ஸை விட்டு வரிக்கு வரி படிக்கச் சொல்லுங்க. செலவாகும். ஆகட்டும்.

"இப்பதான் ஆபா எண் வந்துடுச்சே?" 2021 செப்டம்பரில் நாடு முழுக்கத் தொடங்கின ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனில் ஆளுக்கு 14 இலக்க எண். நல்ல ஏற்பாடு, மூணு ஆரோக்கியசாமியை ஒரு ஆளாக்க உதவும். ஆனா எண் ஒரு கயிறு. கட்டுற மூட்டைக்குள்ள தப்பு இருந்தா, தப்பும் சேர்ந்து கட்டுப்பட்டு ஊர் ஊராப் போகும்.

வெளிநாட்டில் இருக்கிற நமக்கு இதில் என்ன வேலைன்னு கேட்டா, நமக்குத்தான் அதிக வேலை. அம்மா அப்பா கூட ஆஸ்பத்திரிக்குப் போக நாம இல்லை. சீட்டைப் படிச்சுப் பார்த்துத் தடுக்க எல்லா வீட்டிலும் ஒரு தங்கச்சி இருக்க மாட்டா. நம்ம இடத்தில் அங்கே நிக்கிறது அந்தப் பதிவு ஒண்ணுதான்.

ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகள்படி, உள்நோயாளி பதிவுகளை டாக்டர் 3 வருஷம் வச்சிருக்கணும். கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள நகல் கொடுக்கணும். உங்க சேமிப்புக் கணக்கு வரவுசெலவை வங்கி 5 வருஷம் வைக்கணும்னு பண மோசடித் தடுப்புச் சட்டம் சொல்லுது. அப்பாவோட ஆபரேஷனுக்கு மூணு, ஆயிரம் ரூபா டிரான்ஸ்ஃபருக்கு அஞ்சு! இந்த லட்சணத்தில் நகலைக் கேட்டு வாங்கி வைக்கிறது நம்ம பொறுப்பு. அடுத்த லீவில் ஊருக்குப் போறப்ப ஒரு வேலையா வச்சுக்கங்க. ஒத்துக்காத மருந்து, ஓடுற மருந்து, நடந்த ஆபரேஷன், தெரியாதது தெரியாதுன்னே எழுதி, ஒரே தாளில், ரெண்டு பிரதி.

ஊர் ஆஸ்பத்திரிக்கு நன்கொடை கொடுக்கிற சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர் வாங்கப் பணம் கேட்டு வருவாங்க. தாராளமா கொடுங்க. கொடுக்கிறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க. பழசில் இருந்தது அத்தனையும் புதுசுக்கு வந்துச்சுன்னு யார் கையெழுத்துப் போடுவாங்க? சேர வேண்டிய இடம் சேராத உத்தரவு எங்கே போய் விழும், அதைத் தினமும் யார் பார்ப்பாங்க? தெரியாதுன்னு எழுத இடம் இருக்கா? திருத்தினா பழசு தெரியுமா?

நாலுக்கும் பதில் வந்தா செக்கில் கையெழுத்துப் போடுங்க. வரலைன்னா காபி குடிச்சுட்டு, டாலி ஆனதும் வாங்கன்னு அனுப்பி வைங்க.

டிஸ்கி: இது முழுக்க என் சொந்தக் கருத்து. நான் வேலை பார்க்கிற வங்கிக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.